நீலத்திரையில் யார் பெயர்?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களுக்குச் சின்னதாக ஓர் அப்டேட் அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் விமான நிலையம், மருத்துவமனை, வங்கி என்று பல நாடுகளில் திரைகள் நீலமாயின. இங்கே விமானப் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அப்டேட்டைத் திரும்பப் பெற 78 நிமிடம்தான் ஆனது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. ஹேக்கர் யாரும் வரவில்லை. ஹேக்கரைத் தடுக்க நிறுத்திய காவலாளிதான் வாசலிலேயே மயங்கி விழுந்திருந்தார்.

காரணம் சிரிப்பை வரவழைக்கும் அளவுக்குச் சின்னது. அந்த அப்டேட்டில் புதிதாக வந்த விதி 21 தகவல்களை எதிர்பார்த்தது. ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்த நிரல் கொடுத்ததோ 20. பந்தியில் 20 இலைதான் போட்டிருக்கிறது, பரிமாறுகிறவர் 21-வது இலையைத் தேடி அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தைப் படிக்கப் போனது க்ரவுட்ஸ்ட்ரைக்கின் டிரைவர்.

இதே தப்பை பிரவுசர் செய்தால் பிரவுசர் மட்டும் மூடிக்கொள்ளும். சாதாரண செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் அடைபட்டவை. டிரைவர் அப்படியில்லை. பிரின்டர், வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றோடு பேச வேண்டிய துபாஷி அது. பெரும்பாலும் கெர்னல் என்கிற கருவறைக்குள்ளேயே நின்று வேலை செய்கிறது. பாதுகாப்பு மென்பொருளும் எல்லாவற்றையும் கண்காணிக்க அங்கேதான் இடம் பிடிக்கிறது. உள்ளே ஒருவர் தடுமாறினால், வேறு எதையெல்லாம் தட்டிவிட்டார் என்று விண்டோஸுக்குத் தெரியாது. தொடர்ந்து ஓடினால் ஹார்டு டிஸ்கில் குப்பையை எழுதிவைக்கும் அபாயம் உண்டு. அதனால் தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத்திரையை நாம் கம்ப்யூட்டர் செத்துப்போனதாக நினைக்கிறோம். உண்மையில் அது வண்டியை ஓரங்கட்டியிருக்கிறது.

ஓரங்கட்டும் முன் நடந்ததை எழுதியும் வைக்கிறது. இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை.

போன வருடம் என் லேப்டாப் வீடியோ கால் பேசும்போதெல்லாம் நீலமானது. கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில், “ரேம் போயிருக்கும் சார், மாத்திடலாம்” என்றார். மாற்றுவதற்கு முன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் என்ற ஃபோல்டரைத் திறந்தேன். விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோப்பு, மொத்தம் ஐந்து. ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தால் ஐந்திலும் ஒரே பெயர்: வைஃபை டிரைவர். விழும்போதெல்லாம் வேறு வேறு பெயர் வந்திருந்தால் கடைக்காரர் சொன்ன ரேமைச் சந்தேகித்திருப்பேன். என்டிஓஎஸ்கெர்னல் என்ற பெயரும் பட்டியலில் அடிக்கடி வரும். அதைப் பார்த்து விண்டோஸையே அழித்துப் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது குற்றவாளியில்லை, சம்பவம் நடந்த தெரு.

பிறகு வேலை சுலபம். டிவைஸ் மேனேஜரில் அந்த வைஃபை கார்டைத் திறந்து ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்தினேன். முந்தைய வாரம் தானாக வந்திருந்த அப்டேட் போய், பழைய டிரைவர் வந்தது. அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழையது கைவசம் இல்லை என்று அர்த்தம். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். ‘எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பித்துத் தருகிறோம்’ என்று கூவும் மென்பொருள்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

விண்டோஸுக்குள் நுழையவே முடியாவிட்டால்தான் சிக்கல். 2024-இல் நடந்தது அதுதான்: டிரைவர் கம்ப்யூட்டர் எழும்போதே எழும், உடனே கம்ப்யூட்டர் விழும், மறுபடி எழும். பெரும்பாலும் தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லை. ஆட்கள் ஒவ்வொரு இயந்திரமாகப் போய், அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் எழும் சேஃப் மோடில் நுழைந்து, அப்டேட்டில் வந்த, 291 என்ற எண் கொண்ட ஒரே கோப்பை அழித்தார்கள். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் முதலில் 48 இலக்க மீட்புச் சாவியைத் தட்ட வேண்டும். சிலருக்கு, விழுவதற்குள் திருத்திய கோப்பு நெட்டில் வந்து சேர்ந்துவிடாதா என்று 15 தடவை வரை ரீஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னது மைக்ரோசாஃப்ட். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்ற நம் வீட்டு வைத்தியத்துக்கு அன்று கிடைத்த அங்கீகாரம்!

நீலத்திரையிலிருந்து பில் கேட்ஸும் தப்பவில்லை. 1998 ஏப்ரலில், வெளிவராத விண்டோஸ் 98-ஐ மேடையில் காட்டும்போது, ஸ்கேனரைச் செருகியதும் அவர் கண்ணெதிரே திரை நீலமானது.

2025-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நீலத்தைக் கறுப்பாக்கியது. அதிலிருந்த சோக முகத்தை எடுத்துவிட்டு, பிழைக் குறியீட்டையும் கோளாறான டிரைவரின் பெயரையும் திரையிலேயே காட்டுகிறது. என் லேப்டாப்பில் அதைப் பார்க்கும் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. அவசரமும் இல்லை.