வண்ணம் போனால் தோல் போய்விட்டதா?

சில வருடம் உழைத்த லெதர் சோபாவில் முதலில் வெளுப்பது கைப்பிடியும் தலை சாயும் இடமும்தான். வியர்வையும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் சேர்ந்து அங்கே நிறத்தை இளக்கிவிடும். காபிக்கொட்டை நிறத்தில் வாங்கிய சோபாவில் சாம்பல் பூத்த மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "லெதர் போச்சு, மாத்திடுங்க." போனது தோல்தானா என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் போயிருப்பது தோலின் மேல் இருந்த வண்ணப் பூச்சு. அதை மறுபடி பூச முடியும். ஆனால் பழைய லெதருக்கும் ரெக்ஸினுக்கும் ஸ்ப்ரே அடித்துப் புதுப்பிக்கலாம் என்றால், "அதெல்லாம் ஒப்பேத்துற வேலை" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அந்த அலட்சியத்தில் நியாயம் இல்லை என்பது என் கட்சி. அடியில் இருக்கும் பொருள் கெட்டியாக இருக்கும்வரை, ஸ்ப்ரே என்பது முறையான பழுதுபார்ப்பு. அது நைந்துபோன பிறகு அடித்தால், ஒப்பேத்தல் என்ற பேச்சைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளில் ஃபினிஷிங் பிரிவை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. குரோமில் பதனிட்டு, டிரம்மில் சாயம் ஏற்றி, காயவைத்த தோலை கன்வேயரில் அனுப்புவார்கள். மேலே சுழன்றுகொண்டிருக்கும் ஸ்ப்ரே கன்கள், அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பிசினில் கலந்த நிறமியை அதன்மீது தூவும். காய்ந்ததும் இன்னொரு கை. கடைசியில் பளபளப்புக்கோ மங்கலான மெருகுக்கோ நிறமில்லாத டாப் கோட். மாட்டின் உடம்பில் முள் கிழித்த கோடும் உண்ணி கடித்த தழும்பும் இருக்கத்தான் செய்யும். ஒரே மாதிரி இரண்டு தோல் கிடைக்காது. சோபாவுக்கும் கார் இருக்கைக்கும் போகும் லெதரில் பெரும்பகுதியை இப்படி நிறமி பூசித்தான் சீராக்குகிறார்கள். எதை லெதர் என்று அழைக்கலாம் என்று வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ 15115 தரநிலைகூட மேற்பூச்சை மறுக்கவில்லை. அதன் கனம் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. ஆலையில் அடித்தால் ஃபினிஷிங், பத்து வருடம் கழித்துப் பட்டறையில் அடித்தால் பித்தலாட்டம் என்பது என்ன கணக்கு? விதிவிலக்கு ஒன்று உண்டு. அனிலின் லெதரில் நிறமிப் பூச்சு கிடையாது, சாயம் மட்டுமே. கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக் கறுத்தால் அது அனிலினாக இருக்கலாம். அல்லது பூச்சு முழுக்கத் தேய்ந்த இடமாக இருக்கலாம். அதனால் தேயாத மூலையில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். உண்மையான அனிலின் என்றால் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அதன் அழகே மயிர்க்கால் துளைகள் கண்ணுக்குத் தெரிவதுதான். பெயின்ட் அதைத்தான் முதலில் மூடும்.

ரெக்ஸின் கதை வேறு. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே தயாரான, நைட்ரோசெல்லுலோஸ் பூசிய துணி ஒன்றின் வணிகப் பெயர் அது. நம் ஊரில் துணிமேல் பி.வி.சி ஏற்றிய எதற்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பி.வி.சி இயல்பில் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பானது. அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் 1926ல் அதை இளக்கி வளையவைக்க வழி கண்டுபிடித்த பிறகுதான் அது துணிமேல் ஏறியது. இளக்குவதற்குச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெய், பி.வி.சியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறும். வெயிலில் நிற்கும் காரின் உள்கண்ணாடியில் படியும் வழவழப்பான மங்கலில் அதற்கும் பங்குண்டு. எண்ணெய் போகப்போக வினைல் சுருங்கி, விறைத்து, வெடிக்கும். எந்த ஸ்ப்ரேயும் போன எண்ணெயைத் திரும்பக் கொடுக்காது. வினைல் இன்னும் வளைகிறது, நிறம் மட்டும் வெளுத்திருக்கிறது என்றால் வினைலுக்கென்றே வரும் ஸ்ப்ரே நன்றாகப் பிடிக்கும். அதிலுள்ள கரைப்பான் மேற்பரப்பைச் சற்றே ஊறவைத்துக் கடிப்பதால், பிசின் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் எனாமலுக்கு அந்தப் பிடி கிடையாது. போதாததற்கு, கீழிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் அதைக் காயவிடாமல் பிசுபிசுக்க வைக்கும். இல்லினாய் மாநிலத்துப் பெயின்ட் வியாபாரி எட்வர்ட் சீமோர் 1949ல் பெயின்டை ஸ்ப்ரே டப்பாவில் அடைத்தது, தன் அலுமினியப் பூச்சை வாடிக்கையாளருக்கு அடித்துக் காட்டத்தான். கம்ப்ரெஸர் இல்லாமலே அடிக்கும் வசதி அப்படி வந்தது. எதன்மேலும் அடித்துப் பார்க்கலாம் என்ற அசட்டுத் துணிச்சலும் கூடவே வந்துவிட்டது.

ஸ்ப்ரேக்கு இவ்வளவு கெட்ட பெயர் வாங்கித் தந்தது மூன்றாவது ரகம். லெதரெட், ஆர்ட்டிபிஷியல் லெதர், பான்டட் லெதர் என்று ஷோரூம்களில் விற்பவற்றில் பலவற்றின் மேல்தோல், துணியிலோ அரைத்த தோல்தூளிலோ ஒட்டிய மெல்லிய பாலியூரித்தேன். மலிவான ரகங்களில் வரும் பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேனைக் காற்றிலுள்ள ஈரமே அறுத்துவிடும். சூடும் ஈரமும் கூடக்கூட வேகமும் கூடும்; சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இரண்டுக்கும் குறைவில்லை. அதனால்தான் யாரும் உட்காராத விருந்தினர் அறை சோபாகூட ஒருநாள் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கிறது. இதன்மேல் ஸ்ப்ரே அடித்தால், பெயின்ட் செதிலைக் கெட்டியாகத்தான் பிடிக்கும். செதில் துணியை விட்டு விழும்போது பெயின்டும் கூடவே விழும். பழி மட்டும் பெயின்ட் மேல். குஷனின் ஜிப்பைத் திறந்து உறையின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மெத்தென்ற நார் தட்டுப்பட்டால் பெரும்பாலும் தோல். பின்னல் துணி தெரிந்தால் ரெக்ஸினோ பாலியூரித்தேனோ. பிறகு தேய்ந்த ஓரத்தை நகத்தால் நெருடுங்கள். செதில் கிளம்பினால் பெயின்ட் டப்பா வாங்கும் காசை மிச்சம் பிடிக்கலாம்.

"நல்ல லெதரிலேயே அடித்தோம், ஆறு மாதத்தில் வெடித்துவிட்டதே" என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அங்கே தவறியது பெரும்பாலும் பெயின்ட் ஏறுவதற்கு முந்தைய வேலை. டேஷ்போர்டும் சீட்டும் மின்ன வேண்டும் என்று தடவிய பாலிஷில் உள்ள சிலிக்கான் எண்ணெய் துளியளவு மிஞ்சியிருந்தாலும், பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி மீன்கண் மாதிரி வட்டக்குழிகள் விழும். சோப்புத் தண்ணீரில் கழுவி, அதற்கென்று உள்ள கிளீனரால் துடைத்து, துணியில் அழுக்கு வராமல் போகும்வரை அதையே திரும்பச் செய்து, நைசான வாட்டர் பேப்பரால் மேல் மினுமினுப்பை மட்டும் எடுக்க வேண்டும். வெடிப்புக்குக் கார் பாடிக்குப் போடும் புட்டியை வைத்தால், முதல் முறை உட்காரும்போதே பிளக்கும். வளையும் ஃபில்லர் என்று தனியாகவே கிடைக்கிறது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூடியும் மூடாததுமாக ஒரு கை, அது காய்ந்ததும் அடுத்த கை. ஒரே வீச்சில் நிறத்தை மூடப் பார்த்தால் சுருக்கக்கோடுகளில் பெயின்ட் தேங்கும், அந்தத் தேக்கம்தான் முதலில் வெடிக்கும். மழைக்கால ஈரத்தில் அடித்தால் பூச்சு வெளிறிப் பால் படிந்தது போலாகும். அடையாற்றில் 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பரிசோதனைக் கூடங்களில், லெதர்த் துண்டைக் கருவியில் மாட்டி ஆயிரக்கணக்கான முறை மடக்கி விரித்துப் பூச்சைச் சோதிப்பார்கள். வீட்டு சோபாவும் அதே மடக்கலைத்தான் தாங்கியாக வேண்டும். வளையாத பெயின்ட் அதில் தேறாது.

இதைவிட வலுவான மறுப்பு காசு பற்றியது. சென்னை ஜி.பி. ரோட்டில் சீட் கவர் கடைகள் வரிசையாக இருக்கின்றன; தைக்கும் கூலி இங்கே மேல்நாட்டு அளவுக்கு இல்லை; பிறகு எதற்கு ஸ்ப்ரே? பைக் சீட்டைப் பொறுத்தவரை எனக்கு மறுபேச்சே இல்லை. சில நூறு ரூபாயில் புது உறை கிடைக்கும்போது அதற்கு ஸ்ப்ரே அடிப்பது வெட்டி வேலை. ஆட்டோவின் மேற்கூரைக்கும் அதே தீர்ப்பு. ஆனால் காரின் டேஷ்போர்டும் கதவுப் பலகையும் அச்சில் வார்த்தவை. உறை தைத்துப் போட்டால் அளவெடுக்காத சட்டை மாதிரி நிற்கும், புதுப் பாகமோ விலை எகிறும். அங்கே ஸ்ப்ரேதான் சரி, ஏர்பேக் மூடியை மட்டும் தொடக் கூடாது. நல்ல மாட்டுத் தோல் சோபாவைப் பிரித்து ரெக்ஸின் போடுவதும் லாபமில்லை. ஒரு கைப்பிடி வெளுத்ததற்காக, இன்னும் பல வருடம் உழைக்கக்கூடிய பொருளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு அதைவிட மட்டமானதை வாங்கிக்கொள்கிறோம். மிச்சம் பிடித்த காசில் கொஞ்சத்தைக் கரைப்பான் ஆவிக்குரிய கார்பன் மாஸ்க்குக்குச் செலவிடலாம். மூக்கில் கட்டும் கைக்குட்டை எதையும் தடுக்காது. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். அது ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. வீட்டுக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ அதை எடுக்கவே கூடாது.

கடைசியாக, ஏமாற்று என்ற குற்றச்சாட்டு. பழைய கார் சந்தையில் இது கற்பனையில்லை. அதிகம் ஓடிய காரின் ஸ்டீயரிங்குக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் கறுப்பு ஸ்ப்ரே அடித்து, குறைவாக ஓடியது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். குற்றம் அந்தப் பேச்சில் இருக்கிறது. பம்பருக்குப் பெயின்ட் அடிப்பதை யாரும் மோசடி என்பதில்லையே. வாங்குகிறவர் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. ஆலையில் பூச்சு முடிந்த லெதரைத்தான் பிறகு தைக்கிறார்கள். அதனால் தையல் நூலில் பெயின்ட் இருக்கக் கூடாது. நூல் சுற்றியுள்ள லெதரோடு ஒரே நிறமாக விறைத்திருந்தாலும், ஊசித்துளைகள் அடைபட்டிருந்தாலும், இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கைக் கையால் விரித்துப் பாருங்கள். உள்ளே நிறம் மாறினால், ஓடோமீட்டர் எண்ணைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள்.