ஓட்டல் பங்களா காலேஜ் ஆன கதை!

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டியில் மின்சார ரெயில் ஏறி சென்னை ராணி மேரி கல்லூரிக்குப் படிக்கப் போகும் பெண்கள் உண்டு. அந்தக் கல்லூரி பிறந்தது ஒரு பழைய பங்களாவில்!

மெரினா எதிரே வெள்ளைக்காரர் காலத்தில் எழும்பிய அந்த வீட்டுக்கு 'கேப்பர் ஹவுஸ்' என்று பெயர். பின்னாளில் அது ஓட்டலானது.

1914-ல் அரசு அங்கே பெண்கள் கல்லூரி தொடங்கியது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் காலேஜு?" என்று ஊர் கேட்ட காலம். முதலில் சேர்ந்தவர்கள் 37 பேர்தான். முதல்வர் டோரதி டி லா ஹே. 1917-ல் ராணி மேரியின் பெயர் சூட்டப்பட்டது.

2003-ல் கல்லூரி இருந்த இடத்தில் தலைமைச் செயலகம் கட்ட அரசு திட்டமிட்டது. மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினர். திட்டம் கைவிடப்பட்டது.

கல்லூரி தப்பியது. ஆனால் அது பிறந்த வீடு தப்பவில்லை. இடித்தாகிவிட்டது. பழைய போட்டோவில்தான் பார்க்கணும்!