ஊரும் உச்சரிப்பும்: அமெரிக்க ஹிப்ஹொப்பில் நல்ல வரியைத் தீர்மானித்தது யார்?

1995 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, நியூயோர்க் நகரில் 'த சோர்ஸ்' என்ற ஹிப்ஹொப் சஞ்சிகையின் விருது விழா இடம்பெற்றது. சிறந்த புதிய ராப் குழு என 'அவுட்காஸ்ட்' அறிவிக்கப்பட்டபோது மண்டபம் கூச்சலிட்டது. அது வரவேற்புக் கூச்சல் அல்ல. மேடைக்கு வந்தவர்கள் தெற்கு மாநிலமான ஜோர்ஜியாவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த, இருபது வயதான இரண்டு கறுப்பின இளைஞர்கள். அவர்களில் ஒருவரான ஆந்த்ரே பெஞ்சமின், தெற்கிடமும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்ற பொருளில் சுருக்கமாகப் பேசிவிட்டு இறங்கினார்.

அதே மேடையில் அன்று இன்னொரு சண்டையும் மூண்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் 'டெத் றோ' நிறுவன முதலாளி சுஜ் நைட், நியூயோர்க் தயாரிப்பாளர் பஃப் டாடியைப் பெயர் சொல்லாமல் கேலி செய்தார். மண்டபம் மேற்குக் கரையினரைப் பார்த்துக் கூச்சலிட்டது. தனக்கும் டொக்டர் ட்ரேக்கும் இங்கே அன்பே கிடையாதா என்று ஸ்னூப் டொக் கோபத்தோடு கேட்டார். அந்த இரவிலிருந்து 13 மாதங்களில் டூபாக் ஷகூர் சுட்டுக் கொல்லப்பட்டார். 19 மாதங்களில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 24.

இவ்வளவும் வெறும் ஊர்ப்பெருமையால் வந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மண்டபத்தின் கூச்சலுக்குள் வேறொரு தீர்ப்பும் இருந்தது. நல்ல வரி எழுதத் தெரிந்தவர்கள் நியூயோர்க்கில் இருக்கிறார்கள், மேற்கில் துப்பாக்கிக் கதை இருக்கிறது, தெற்கில் ஆட்டம் மட்டும்தான் இருக்கிறது என்பதே அந்தத் தீர்ப்பு. பழைய ஹிப்ஹொப் பற்றிய விவாதங்களில் இது இன்றும் ஏதோவொரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தீர்ப்பை எழுதியதில் வரிகளுக்கு இருந்த பங்கைவிடக் கேட்ட காதுகள் இருந்த ஊருக்கு அதிக பங்கு உண்டு என்பது எனது கருத்து.

ஹிப்ஹொப்புக்கு ஊர்ப்பெயர் ஏன் இத்தனை முக்கியமானது? அது பிறந்த இடத்தைப் பார்த்தால் புரியும். நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியை ஊடறுத்து ஒரு பெருந்தெரு போடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை இழந்தன. 1970களில் எஞ்சிய கட்டடங்கள் பல எரிந்தன. காப்புறுதிப் பணத்துக்காக உரிமையாளர்களே கொளுத்தியவையும் அவற்றுள் உண்டு. தொலைக்காட்சிக்குத் தெற்கு பிரொங்ஸ் என்றால் இடிபாடு மட்டுமே. அந்தப் பிரொங்ஸில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில், 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி ஓர் இளம்பெண் பாடசாலை தொடங்குமுன் ஒரு விருந்து வைத்தார். இசைத்தட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன், கூல் ஹேர்க். ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம் அது. ஹிப்ஹொப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த நாள்தான். வெளியுலகம் அழிந்த இடம் என்று எழுதிவைத்த ஒரு தெருவின் பெயரைப் பாட்டில் உரக்கச் சொல்வது, நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்வதற்குச் சமம்.

அதனால்தான் முதல் பெரிய ஊர்ச் சண்டை நியூயோர்க்குக்குள்ளேயே வந்தது. குயீன்ஸ் பகுதியில் குயீன்ஸ்பிரிட்ஜ் என்ற அரச குடியிருப்பு இருக்கிறது. 3,000க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கிருந்து எம்.சி. ஷான், தயாரிப்பாளர் மார்லி மார்லுடன் சேர்ந்து 1986இல் 'த பிரிட்ஜ்' என்ற பாட்டை வெளியிட்டார். தன் குடியிருப்பில் இந்த இசை எப்படித் தொடங்கியது என்பதைச் சொன்ன பாட்டு அது. ஹிப்ஹொப்பே குயீன்ஸில் பிறந்தது என்று அவர் உரிமை கோருவதாக பிரொங்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிரொங்ஸைச் சேர்ந்த 'பூகி டவுன் புரொடக்ஷன்ஸ்' குழுவின் கே.ஆர்.எஸ். வண் பதில் பாட்டு விட்டார், ஷான் பதிலுக்குப் பதில் விட்டார், கே.ஆர்.எஸ். மறுபடியும் விட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரொங்ஸுக்காகத் தொண்டை கிழியப் பாடிய கே.ஆர்.எஸ். வண் பிறந்தது புரூக்ளினில்.

இந்தப் பிறந்த ஊர்க் கணக்கைத் தொடர்ந்து பார்த்தால் இன்னும் விசித்திரமாகும். மேற்குக் கரையின் முகமாகிய டூபாக் பிறந்தது நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லெமில். கொம்ப்டன் நகரை உலகறியச் செய்த என்.டபிள்யூ.ஏ. குழுவுக்கு மிகக் கூர்மையான வரிகளை எழுதிய ஐஸ் கியூப் கொம்ப்டன்காரர் அல்லர், லொஸ் ஏஞ்சல்ஸின் தென் பகுதியைச் சேர்ந்தவர். அக்குழுவுக்கும் பின்னர் ட்ரேயின் 'த குரொனிக்' அல்பத்துக்கும் வரி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவரான த டி.ஓ.சி., டெக்ஸஸின் டலஸ் நகரத்தவர். 1989இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய குரல்வளை சிதைந்துபோனது. பாட முடியாமற்போனவர் மற்றவர்களின் வாய்க்காக எழுதினார். மேற்கின் குரல் என்று உலகம் கேட்டதில் ஒரு தெற்கத்தியனின் பேனாவும் இருந்தது.

இனி வரிகளுக்கு வருவோம். ஆரம்பகால ராப்பில் அடியின் கடைசிச் சொல்லும் அடுத்த அடியின் கடைசிச் சொல்லும் ஒலி ஒத்துவந்தால் போதும். எமது யாப்பில் இயைபு என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட நிகரானது. 1987இல் 'பெய்ட் இன் ஃபுல்' அல்பத்துடன் வந்த ராக்கிம் இதை மாற்றினார். சக்ஸபோன் வாசித்துப் பழகியவர். ஜாஸ் இசைக்கலைஞர் ஜோன் கொல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர். ஒலி ஒப்புமையை அடியின் நடுவிலும் வைத்தார், ஒரு சொல்லை மட்டுமன்றிச் சொற்றொடர் முழுவதையும் இன்னொரு தொடருடன் ஒலியால் பிணைத்தார், வாக்கியத்தை அடி முடியும் இடத்தில் முடிக்காமல் அடுத்த அடிக்குள் ஓடவிட்டார். கத்தவும் இல்லை. அவருக்குப் பின் யாரும் பழையபடி எழுத முடியவில்லை. 1994இல் அதே குயீன்ஸ்பிரிட்ஜிலிருந்து இருபது வயது நாஸ் 'இல்மாட்டிக்' அல்பத்தைக் கொண்டுவந்தபோது 'த சோர்ஸ்' ஐந்துக்கு ஐந்து ஒலிவாங்கிகள் வழங்கியது. அந்தச் சஞ்சிகை மதிப்பெண்ணை ஒலிவாங்கிப் படமாகப் போடுவது வழக்கம்.

இவையெல்லாம் உண்மையான சாதனைகள். சிக்கல் எங்கே என்றால், இந்த ஒரு வகைச் சாதனையே 'நல்ல வரி' என்பதன் வரையறையாகிவிட்டது. சஞ்சிகையும் பெரிய நிறுவனங்களும் செல்வாக்குள்ள வானொலிகளும் நியூயோர்க்கில்தான் இருந்தன. நியூயோர்க்காரர் நெரிசலான தொடருந்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார். சொற்கள் நெருக்கமாக இருந்தால் அவருக்குச் சுவை. லொஸ் ஏஞ்சல்ஸ், ஹூஸ்டன், அட்லாண்டா ஆகியவை கார்களின் நகரங்கள். பின்னால் பெரிய ஒலிபெருக்கி பூட்டிய காரில், சன்னல் திறந்தபடி, நீண்ட வீதியில் கேட்கும் பாட்டுக்குத் தடித்த அடிச்சுருதி வேண்டும், வேகம் குறைய வேண்டும், சொற்களுக்கிடையே காற்று வேண்டும். ஹூஸ்டனில் டீ.ஜே. ஸ்க்ரூ என்பவர் பாட்டுகளையே மெதுவாக்கிக் கசெற்றுகளில் பதிந்து விற்றார். கேட்கும் இடம் மாறினால் எழுதும் முறையும் மாறும். அதைத் தரக்குறைவு என்று எழுதியவர்கள் தொடருந்தில் இருந்தவர்கள்.

உச்சரிப்பு இன்னும் நுணுக்கமான விடயம். 'பென்' என்றால் பேனா, 'பின்' என்றால் குண்டூசி. நியூயோர்க்கில் இவை இரண்டு வேறு ஒலிகள். அமெரிக்கத் தெற்கின் பெரும் பகுதியில் இரண்டும் 'பின்' என்றே ஒலிக்கும். தெற்கத்தியவருக்கு இவ்விரண்டும் கச்சிதமாக ஒத்துவரும் சொற்கள். நியூயோர்க்காரருக்கு இது ஒலி தவறிய வரி. தெற்கில் உயிரொலிகள் நீளும், வளையும். ஒரு சொல்லை இழுத்து இன்னொரு சொல்லின் பக்கத்தில் உட்காரவைக்க முடியும். எழுதத் தெரியாதவர்கள் என்ற குற்றச்சாட்டில் ஒரு பகுதி, உண்மையில், எங்களைப் போலப் பேசாதவர்கள் என்பதுதான்.

இதில் மனத்தை உறுத்தும் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1910இலிருந்து 1970 வரை சுமார் 60 இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்தார்கள். கும்பல் கொலைகளுக்கும் நிறவெறிச் சட்டங்களுக்கும் தப்பி, வேலை தேடி, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சென்றவர்கள் அவர்கள். நியூயோர்க் மண்டபத்தில் கூச்சலிட்ட பலருடைய பாட்டிமார் கரோலினாக்களிலோ ஜோர்ஜியாவிலோ பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் கேலி செய்த அந்த இழுவைப் பேச்சு, போக முடியாமல் ஊரிலேயே நின்றுவிட்ட உறவினர்களின் பேச்சு. அன்று சினந்து நின்ற ஸ்னூப்பின் சோம்பலான, வழுக்கிச் செல்லும் குரலில்கூட அவருடைய குடும்பம் விட்டுவந்த மிசிசிப்பி இருக்கிறது.

தெற்கில் எழுத்து இல்லை என்பவர்களுக்கு நான் காட்டுவது 1991ஆம் ஆண்டை. ஹூஸ்டனின் 'கெட்டோ போய்ஸ்' குழு அவ்வாண்டு 'மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஒன் மீ' என்ற பாட்டை வெளியிட்டது. அதுவரை ராப் பாடகர் என்றால் எதற்கும் அஞ்சாதவர். இந்தப் பாட்டில் பேசுபவருக்கு நித்திரை வருவதில்லை. யாரோ பின்தொடர்வதாக நம்புகிறார், தன் நிழலையே சந்தேகிக்கிறார், செத்துவிடலாமா என்று யோசிக்கிறார். துப்பாக்கி கையில் இருந்தும் பயம் போவதில்லை. இதன் முதன்மை ஆசிரியர் ஸ்கார்ஃபேஸ், தான் மனச்சோர்வுடன் போராடியதை வெளிப்படையாகப் பேசியவர். சொற்கள் எளியவை, ராக்கிம் போன்ற பின்னல் கிடையாது. ஆனால் வன்முறைக்குள் வாழ்ந்தவனின் இரவை அதற்குமுன் எந்த நியூயோர்க் பாட்டும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அப்படியான இரவுகளை அறிந்தவர்களுக்கு இந்த வரிகளின் தரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

நியூ ஓர்லியன்ஸின் ஜூவனைல் 1998இல் வெளியிட்ட 'ஹா' பாட்டு வேறொரு வகை. ஏறக்குறைய ஒவ்வோர் அடியும் அதே ஓர் அசையில் முடிகிறது. நியூயோர்க் கணக்கில் இது பூச்சியம். கவனித்துக் கேட்டால், 'நீ' என்று ஒருவனை விளித்து, அவனுடைய கடன், வழக்கு, பிள்ளை, உடுப்பு எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து ஒருவர் அடுக்கிச் சொல்வதுபோல் இருக்கும். தெற்கின் பாட்டெல்லாம் சிறந்தது என்று வாதாடவில்லை. இரவு விடுதிக்காக ஒரே சொற்றொடரை முப்பது தடவை கத்தும் பாட்டுகள் ஏராளம். அவற்றைத் தாளில் எழுதிப் படித்துவிட்டு வெறுமை என்று சொல்வதும் நியாயமில்லை, அவை தாளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெண்களை இழிவுபடுத்தும் வரிகளில் மட்டும் மூன்று பிராந்தியங்களுக்கும் சமபங்கு. தர விவாதத்தில் அது பேசப்படாமலே போவது வழக்கமாகிவிட்டது.

புறக்கணிப்புக்கு ஒரு பொருளாதார விளைவும் இருந்தது. நியூயோர்க் கதவு திறக்காததால் தெற்கத்தியவர்கள் காரின் பின்பெட்டியில் கசெற் விற்றார்கள், சொந்த நிறுவனங்களைத் தொடங்கினார்கள். நியூ ஓர்லியன்ஸின் 'காஷ் மணி' நிறுவனம் 1998இல் 'யுனிவர்சல்' உடன் 30 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தம் செய்தபோது மூலப் பதிவுகளின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நியூயோர்க்கின் பெரும் கவிஞர்கள் பலருக்கு அப்படியொரு உரிமை வாய்க்கவில்லை. அதே ஆண்டு அவுட்காஸ்டின் 'அக்வெமினை' அல்பத்துக்கு 'த சோர்ஸ்' ஐந்து ஒலிவாங்கிகள் வழங்கியது. அந்த அல்பத்தின் கடைசிப் பாட்டின் முடிவில் 1995 விழாவின் ஒலிப்பதிவை, அந்தக் கூச்சலோடு, அப்படியே சேர்த்திருக்கிறார்கள்.

2006 இறுதியில் ஹிப்ஹொப் செத்துவிட்டது என்ற பொருள்படும் தலைப்புடன் நாஸ் ஓர் அல்பம் வெளியிட்டார். அப்போது வானொலிகளை ஆண்டது தெற்கு என்பதால் தங்களையே சாடுகிறார் என்று தெற்கத்தியவர்கள் கொதித்தார்கள். இரண்டு ஆண்டுகளில், அட்லாண்டாவின் ரி.ஐ., நியூயோர்க்கின் ஜே-ஸீ, சிக்காகோவின் கான்யே வெஸ்ட், நியூ ஓர்லியன்ஸின் லில் வெய்ன் ஆகிய நால்வரும் 'ஸ்வாகா லைக் அஸ்' என்ற ஒரே பாட்டில் சேர்ந்து பாடினார்கள். நால்வரையும் கட்டிவைக்கும் பல்லவி எம்.ஐ.ஏ.யின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டிலிருந்து வெட்டி எடுத்த அவருடைய குரல். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரினால் மீண்டும் லண்டனுக்கு அகதியாகச் சென்ற மாயா அருள்பிரகாசம்தான் அவர். கிராமி மேடையில் ஐவரும் அதைப் பாடிய நாள் 2009 பெப்ரவரி 8. அவர் அன்று நிறைமாதக் கர்ப்பிணி. அந்தப் பெப்ரவரியில் வன்னி எப்படி இருந்தது என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

இதுவரை கேட்காதவர்கள் தொடங்குவதானால், ராக்கிமை இரவில் காதில் மாட்டிக் கேளுங்கள். 'அக்வெமினை' அல்பத்தை ஓடும் வாகனத்தில் கேளுங்கள். பச்சையான சொற்கள் உண்டு. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் கவனம். கெட்டோ போய்ஸ் பாட்டைத் தனியாகக் கேட்பதா, ஆரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.