பகலில் தீபம் தெரியுமா?

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலை உச்சியில் ஜோதி ஏறியதும் திருவண்ணாமலையே நிமிர்ந்து பார்க்கும். மொட்டை மாடியில் நின்றிருந்தபோது அண்ணன் மகள் கேட்டாள்: “சித்தப்பா, இதையே மத்தியானம் ஏத்தினா தெரியுமா?” தெரியாது, வெயில் வெளிச்சம் அமுக்கிவிடும் என்றேன். “ஃபில்டர் போட்டா?”

நல்ல கேள்வி. நமக்கு வேண்டிய ஒளி ஒரே நிறமாக இருந்தால், மற்றதையெல்லாம் வெட்டிவிட்டால் போதும். ஆனால் எவ்வளவு நெருக்கமாக வெட்ட முடியும்? நல்ல குறுக்கீட்டு ஃபில்டரே சுமார் 1 நானோமீட்டர் அகலத்துக்கு விட்டுவிடும். அதைவிடக் கறாரான காவல்காரன் வேண்டுமென்றால் அணுவிடம்தான் போக வேண்டும்.

சோடியம் அணுவுக்குப் பிடித்த மஞ்சள் இரண்டே: 589.0, 589.6 நானோமீட்டர். இரண்டு போலராய்டுகளைக் குறுக்காக வைத்தால் ஒளி கடக்காது. நடுவில் சூடேற்றிய சோடியம் ஆவி அடைத்த கண்ணாடிக் குப்பியை வைத்து, ஒளி போகும் திசையிலேயே காந்தப்புலம் கொடுங்கள். அந்த மஞ்சளை ஒட்டிய ஒளியின் அதிர்வுத் தளம் மட்டும் நன்றாகத் திரும்பும். 90 டிகிரி திரும்பியது இரண்டாவது போலராய்டைத் தாண்டிவிடும். மற்ற நிறங்கள் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும். ஃபாரடே 1845இல் கண்ட விளைவுதான் இது. சூரியனைப் பார்க்க இப்படியொரு ஃபில்டரை 1956இல் முன்மொழிந்தவர் ஸ்வீடனின் ஓமான்.

ஜன்னலின் அகலம் நானோமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. வெப்பத்தையும் காந்தத்தையும் மாற்றி அதைக் கொஞ்சம் நகர்த்தலாம், அகலமாக்கலாம். ஆனால் அணுவின் வரியை விட்டு வெகுதூரம் போக முடியாது. 780 வேண்டுமா, ருபீடியம். 852 வேண்டுமா, சீசியம்.

தலைக்கு மேலே 80 முதல் 105 கிலோமீட்டர் உயரத்தில் சோடியம் அணுப் படலம் ஒன்று இருக்கிறது. திருப்பதி அருகே கடங்கியில் லேசர் அடித்து அதை ஆராய்கிறார்கள். பட்டப்பகலிலும் அந்த மங்கல் எதிரொளியைப் பிடிக்க, 1990களில் அமெரிக்காவின் கொலராடோவில் சோடியம் ஆவி ஃபில்டரையே பயன்படுத்தினார்கள்.

சரி, தீபம்? நெய்ச் சுடரின் மஞ்சள், கரித்துகள் கனன்று வரும் ஒளி; எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. வெயிலோடு சேர்த்து அதையும்தான் ஃபில்டர் வெட்டும். லாபமில்லை.

இதைச் சொன்னதும் அவள், “அப்ப உப்பு போட்டா?” என்றாள்.

சரியான இடத்தைப் பிடித்துவிட்டாள். உப்பிலிருக்கும் சோடியம் அதே வரியில் எரியும். அந்த வரியில் சூரிய ஒளியும் மங்கல்தான். சூரியனின் மேலடுக்கிலுள்ள சோடியமே அதை விழுங்கிவிடுகிறது. ஆக, வாய்ப்பு உண்டு. மலையில் வேண்டாம், மாடியில் ஸ்பிரிட் விளக்கில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.