சங்கிலியைக் காக்கும் சிறு கவ்வி

சாலாக் செலாத்தானிலிருந்து நகர மையத்திற்குக் கப்சாய் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோர் பலர். கப்சாய்கள் பலவற்றில் சங்கிலியின் இரு முனைகளையும் பூட்டி வைத்திருப்பது விரல்நகம் அளவிலான எஃகுக் கவ்வியே. அது தேய்ந்து கழன்றால், சங்கிலி அறுந்து பின்சக்கரத்தில் சிக்கலாம். மலேசியச் சாலை விபத்துகளில் இறப்போரில் 60 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கவ்வியை வீட்டிலேயே மாற்றலாம். முதலில் சங்கிலியின் எண்ணைப் பார்த்து, அதற்குரிய புதிய இணைப்பை வாங்க வேண்டும். 420, 428 ஆகிய இரு வகைகளிலும் கண்ணிகளின் இடைவெளி 12.7 மில்லிமீட்டரே, ஆயினும் அகலம் வேறுபடுவதால் ஒன்றற்கு மற்றொன்று பொருந்தாது.

இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்துக. இணைப்பைப் பின்பற்சக்கரத்தின் மேல் கொண்டு வந்தால், பற்கள் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். பழைய கவ்வி தெறிக்காதிருக்கத் துணியால் மறைத்து, குறடால் தள்ளிக் கழற்றுக. புதிய இணைப்பைச் செருகிக் கவ்வியைப் பூட்டுக. கவ்வியின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். அதாவது, மேற்புறச் சங்கிலியில் அது முன்சக்கரத்தைப் பார்த்திருக்கும். திறந்த முனை முன்னே இருந்தால், எதிலேனும் உரசிக் கழன்றுவிடும்.

இறுதியாக, சக்கரத்தைக் கையால் மட்டுமே சுழற்றிச் சரிபார்க்கவும். கழற்றிய கவ்வி வளைந்திருக்கும். அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.