அல்லைப்பிட்டி ஓடும் யப்பானியர் கிண்ணமும்

உடைந்த பாண்டத்துக்குக் குப்பைமேடே புகலிடம் என்பது உலக வழக்கு. ஆயின், உடைந்ததையும் பொன்போற் போற்றும் மரபு யப்பானியரிடம் உண்டு.

தேநீர் வழங்குதலை அவர் ஒரு கலையாகவே வளர்த்தனர். தேயிலைத் தூளை வெந்நீரிலிட்டு, மூங்கிற் கருவியால் நுரையெழக் கலக்கி விருந்தினர்க்கு அளிப்பர். அக்கலையைச் செம்மைப்படுத்தியவர் சென் நோ ரிக்கியூ (1522–1591) என்னும் பெரியார். அங்கு ஆதியிற் பெருமதிப்புப் பெற்றவை சீனத்திலிருந்து கப்பலேறி வந்த மெருகிட்ட கிண்ணங்களே. சொங் அரசர் காலத்துப் பச்சைக் கிண்ணமொன்று வெடித்தபோது, அதுபோன்ற வேறொன்றை வேண்டிச் சீனத்துக்கு அனுப்பினர் என்பர். இணையான கிண்ணம் அங்கும் கிடைக்காமையால், வெடிப்பை உலோகக் கவ்விகளாற் பிணித்துத் திருப்பி அனுப்பினராம். கவ்விகளோடு கூடிய அக்கிண்ணம் இன்று தோக்கியோ தேசிய நூதனசாலையில் உளது.

மெருகு என்பது யாது? சாம்பலும் கல்மாவும் களிமண்ணும் கலந்த குழம்பைப் பாண்டத்தின்மேற் பூசி, ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுட்டால், அக்குழம்பு உருகிக் கண்ணாடிபோற் படியும். அதிலுள்ள சிறிதளவு இரும்பே, காற்றுக் குறைந்த தீயிற் பச்சை நிறத்தையும், காற்று மிகுந்த தீயில் மஞ்சள் அல்லது கபில நிறத்தையும் தருவது.

அச் சொங் அரசர் காலத்துச் சீனப் பாண்டங்கள் எமது கரைக்கும் வந்தன. வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1977இல் யோன் காஸ்வெல் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். அவை 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சார்ந்தவை எனக் கணிக்கப்பட்டன. 2018இல் சாங்காய் நூதனசாலையாரும் இந்நாட்டு ஆய்வாளரும் அங்கே மீண்டும் அகழ்ந்தனர். முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்ச் சாசனமோ, ஊராத்துறைக்குப் பிறநாட்டார் வந்து கூடவேண்டும் எனக் கூறுகின்றது. சாசனம் சொல்லில் உரைப்பதை ஓடு பொருளாற் காட்டுகின்றது.

எம் குயவர் வழிவழி வனைந்த பானை சட்டிகளுக்கு மெருகில்லை. ஆதலின், ஆழத்திற் கிடைக்கும் மெருகிட்ட பழைய ஓடு பெரும்பாலும் கடல் கடந்து வந்ததேயாகும். எனினும், ஓட்டினும் அது கிடந்த இடமே பெரிது. எந்த மண்ணில், எத்துணை ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பது அழியின், ஓடு ஊமையாகிவிடும்.

மாணாக்கர்காள்! கிணறோ அத்திவாரமோ வெட்டுமிடத்து அத்தகைய ஓட்டைக் காணின், அதனைப் பெயர்த்தெடாது, இடத்தைக் குறித்துத் தொல்பொருட் திணைக்களத்தார்க்கு அறிவியுங்கள். யப்பானியர் ஒரு கிண்ணத்தைக் காத்தனர். நாம் காக்கவேண்டியது எமது கரையின் வரலாற்றை.