அடிவானம் தூக்கிக் காட்டும் சூரியன்

சித்திரைப் பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரிக் கரையில் நிற்பவருக்கு, மேற்கே அரபிக் கடலில் சூரியன் இறங்குவதும் கிழக்கே வங்கக் கடலிலிருந்து முழுநிலவு எழுவதும் ஏறக்குறைய ஒரே வேளையில் தெரியும். ஆண்டுதோறும் அந்த வாரச் செய்திகளில் இது ‘அபூர்வக் காட்சி’ என்றும், உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காதது என்றும் வந்துவிடும். காட்சி அழகானதுதான், அபூர்வம் என்பது மிகை. பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் நேர் எதிர்ப்பக்கம் நிலவும் நிற்பதற்குத்தான் பௌர்ணமி என்று பெயர். ஒன்று மறையும் நேரத்தை ஒட்டி மற்றொன்று உதிப்பது எல்லாப் பௌர்ணமிக்கும் பொது. காரைக்குடியிலும் அன்று மாலை இதேதான் நடக்கிறது. மரமும் மாடியும் மறைத்துக்கொள்கின்றன. குமரி முனைக்கு உள்ள வசதி, நின்ற இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் இரு பக்கமும் கடலே அடிவானமாக இருப்பது.

அபூர்வத்தைக் கழித்துவிட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சூரியனும் நிலவும் மிகச் சரியாக நேரெதிரே இருக்கும் கணத்தில், ஒன்று கடலுக்கு மேலே முழுசாகத் தெரிந்தால் மற்றொன்று கடலுக்குக் கீழே முழுசாக மறைந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பார்ப்பது வடிவியல்படி நடக்காத காரியம். நடக்க வைப்பது காற்று.

கடல் மட்டத்தில் காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.0003. பள்ளிக்கூடக் கணக்கில் இதை 1 என்றே வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலான வேலைகளுக்கு அது போதும். அடிவானத்துக்குப் போதாது. காற்று மண்டலத்தை அசையாமல் வைத்த ரசப் பாத்திரமாக எண்ணிக்கொள்ளலாம்: மேலே தெளிவு, அடியில் மண்டி. காற்றின் மொத்த எடையில் பாதி, தரையிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கரண்டியை நேர் செங்குத்தாக விட்டால் மண்டியைத் தொட்ட உடனே அடி தட்டிவிடும். சாய்த்து விட்டால் மண்டிக்குள்ளேயே நெடுந்தூரம் இழுபட்டுப் போகும். உச்சியிலிருந்து வரும் ஒளி முதல் வகை. அது வளைவதே இல்லை. அடிவானத்திலிருந்து வரும் ஒளி இரண்டாம் வகை. ஒவ்வோர் அடுக்கிலும் அடர்த்தி சிறிது கூடக் கூட, அது சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி வளைந்து, பூமியின் வளைவை ஓரளவு அணைத்தபடி கண்ணுக்கு வந்து சேர்கிறது. பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் மண்டி மேலெழும்பி அடுக்குகள் குலைவதுபோல், சூடேறிய தரைக்கு மேலே காற்றின் அடுக்குகளும் குலைந்து, மறையும் சூரியனின் விளிம்பு படிப்படியாக வெட்டுப்பட்டுத் தெரிவதும் உண்டு. பெருங்காயத்துக்கு ஈடாக வானத்தில் எதைச் சொல்வது என்று தேடாமல், ரசத்தை இத்தோடு இறக்கிவைப்பது நல்லது.

வளைந்து வந்த ஒளியைக் கண் நேர்கோடாகவே எடுத்துக்கொள்வதால், பொருள் இருக்கும் இடத்தைவிட உயரத்தில் தெரிகிறது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. 45 பாகை உயரத்தில் நிற்கும் விண்மீன் ஒரு கலை அளவே உயர்ந்து தெரியும். 10 பாகையில் அது ஐந்து கலை. அடிவானத்தைத் தொடும்போது சுமார் 34 கலை. சூரியனின் குறுக்களவு ஏறத்தாழ 32 கலை. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில்தான் சுவை இருக்கிறது. சூரியனின் அடிவிளிம்பு கடலைத் தொடுவதாகத் தெரியும் கணத்தில், காற்று மட்டும் இல்லாதிருந்தால், அந்த வட்டம் முழுவதும் ஏற்கெனவே கடலுக்குக் கீழே போயிருக்கும். கரையில் நிற்பவர்கள் படமெடுப்பது, கணக்குப்படி மறைந்துவிட்ட சூரியனை.

அந்த வட்டமும் வட்டமாக இருப்பதில்லை. அடிவிளிம்பு 34 கலை தூக்கப்படும்போது, அரைப் பாகை மேலே இருக்கும் மேல்விளிம்பு 29 கலை அளவே தூக்கப்படுகிறது. அகலம் அப்படியே இருக்க, உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. மறையும் சூரியன் நசுங்கித் தெரிவது இதனால். கடலிலிருந்து எழும் நிலவுக்கும் இதே கதிதான்.

ஒளி வந்து சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆவதால், நாம் பார்க்கும் சூரியன் எட்டு நிமிடம் முன்பே மறைந்துவிட்டது என்று ஒரு வாட்ஸ்அப் அறிவியல் உலவுகிறது. தாமதம் உண்மை, முடிவு தவறு. மாலையில் நகர்வது சூரியன் அல்ல. பூமி சுழன்று அடிவானம் மேலேறுகிறது. எட்டு நிமிடம் முன்பு கிளம்பிய ஒளி வரும் திசையில்தான், மிகச் சொற்ப வித்தியாசத்தில், சூரியன் இப்போதும் இருக்கிறது. காற்று வளைப்பதால் கிடைக்கும் கூடுதல் நேரம் கன்னியாகுமரியில் சுமார் இரண்டேகால் நிமிடம். உதயத்திலும் அதே அளவு கிடைக்கிறது. மேல்விளிம்பு தெரிவதையே உதயமாகவும், அது மறைவதையே அஸ்தமனமாகவும் கொள்வதால் இன்னும் கொஞ்சம் சேருகிறது. ‘இரவும் பகலும் சமம்’ என்று செய்தி வரும் மார்ச், செப்டம்பர் நாட்களில்கூடத் தமிழ்நாட்டில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைவிட ஏறக்குறைய ஏழு நிமிடம் நீளம்.

வரலாறு வேண்டுவோருக்குச் சில பெயர்கள். சந்திர கிரகணத்தின்போது சூரியனும் நிலவும் சேர்ந்தே தெரிந்ததாக வந்த சேதியை முதலில் சந்தேகித்த கிரேக்க ஆசிரியர் கிளியோமிடிஸ், உண்மையானால் காற்றில் ஒளி விலகுவதே காரணமாகலாம் என்று எழுதினார். 16-ஆம் நூற்றாண்டில் வானியலாளர் டைக்கோ பிராகே விலகலுக்கு அட்டவணை போட்டார். சூரியனுக்கு ஒன்று, விண்மீன்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டது பிசகு. 1597 ஜனவரியில், ஆர்க்டிக் தீவான நோவாயா செம்லியாவில் பனியில் சிக்கிக் குளிர்காலத்தைக் கழித்த வில்லெம் பாரென்ட்சின் டச்சு மாலுமிகள், நீண்ட துருவ இரவு முடியச் சுமார் இரண்டு வாரம் இருக்கையிலேயே சூரியனைக் கண்டார்கள். ஊர் திரும்பிச் சொன்னபோது நம்பாதவர்களே அதிகம். கீழே கடுங்குளிர், மேலே வெப்பக் காற்று என்று அடுக்கு அமைந்தால், ஒளி அவற்றுக்கிடையே வெகுதூரம் வளைந்தே பயணம் செய்யும் என்பது பின்னர் தெளிவானது.

அடிவானத்து நிலவு பெரிதாகத் தெரிவதையும் காற்றின் கணக்கில் எழுதுவோர் உண்டு. காற்று அதை நசுக்குகிறதே தவிர ஊதிப் பெருக்குவதில்லை. ஒரே கேமராவில், ஒரே லென்ஸில் எழும்போது ஒன்றும் உச்சியில் ஒன்றுமாகப் படமெடுத்தால் அகலம் ஏறக்குறைய சமமாக இருக்கும். சரியாக அளந்தால் அடிவானத்து நிலவுதான் ஒன்றரை சதவீதம் போலச் சிறியது. பார்ப்பவருக்கும் நிலவுக்கும் இடையே கிட்டத்தட்டப் பூமியின் ஆரம், அதாவது 6,400 கிலோமீட்டர், கூடுதலாக இருப்பதே காரணம். பெருக்கம் மூளையில் நடக்கிறது. எப்படி என்பதில் உளவியலாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை.

நிலவுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. வானியல் கணக்குகள் பூமியின் மையத்திலிருந்து போடப்படுகின்றன. கரையில் நிற்பவருக்கோ, அடிவானத்து நிலவு அந்தக் கணக்கைவிட ஏறக்குறைய ஒரு பாகை தாழ்ந்தே தெரியும். காற்று தூக்குவதைவிட இந்த இறக்கம் அதிகம். சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதற்கு இந்த நட்டம் கிடையாது. எனவே பௌர்ணமி மிகச் சரியாக அஸ்தமன வேளையில் நிகழ்ந்தால், நிலவு கடலோரத்து மங்கலிலேயே தேங்கிவிடும். அந்தி வெளிச்சத்தில் அது கண்ணுக்குப் பிடிபட இரண்டு மூன்று பாகையாவது ஏறியிருக்க வேண்டும்.

இதற்கான தகவல் நாட்காட்டியிலேயே இருக்கிறது. பௌர்ணமித் திதி முடியும் நேரமே நிலவு சூரியனுக்கு நேரெதிரே வரும் கணம். சூரியனோடு ஒப்பிட நிலவு மணிக்கு அரைப் பாகை கிழக்கே நகர்கிறது. திதி நள்ளிரவை ஒட்டி முடிந்தால், சூரியன் கடலைத் தொடும்போது நிலவு எதிரே சுமார் மூன்று பாகை உயரத்தில் இருக்கும். அதன் பாதை ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் இது சற்றுக் கூடலாம், குறையலாம். காலையிலேயே திதி முடிந்துவிட்ட நாளில், சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்கு மேலாகியும் கிழக்கே எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட ஆண்டில் முந்தின நாள் மாலையே நல்லது. மேகம் வந்தால் எந்தக் கணக்கும் உதவாது.